மூன்றரை லட்சத்துக்குச் சேலை விற்றேன், கையில் ஒன்றுமில்லை. எங்கே போனது?

தறிச்சத்தம் (கொண்டலாம்பட்டி, சேலம்)
2021 ஜூலை 13, இரவு 10:52

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன், இன்றைக்குத் தூக்கம் வராததால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் தறிப்பட்டறையில் வேலை. போன வருஷம் மார்ச் 24 சாயங்காலம் பட்டறையைப் பூட்டினார்கள், ஆகஸ்ட் வரைக்கும் வாரத்தில் ரெண்டு நாள் ஓடினால் பெரிய விஷயம். ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும்தான் ஏப்ரல் மாசம். பட்டறை முதலாளியிடம் சித்திரை முகூர்த்தத்துக்கு நெய்து வைத்த சாஃப்ட் சில்க் சேலை கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டது, கடைக்காரர்கள் யாரும் எடுக்கவில்லை. அவர்தான், "போன்ல போட்டோ போட்டு வித்துப் பாரும்மா, வித்துட்டுப் பணம் கொடு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

மே மாசம் கொரியர் எடுக்க ஆரம்பித்ததும் விற்றது பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. கட்டில் மேல் வெள்ளை வேட்டியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை மடித்துப் போட்டோ எடுப்பேன், என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் குரூப்பில் போடுவாள். கோவை, திருச்சி, பெங்களூர் என்று ரீசெல்லர்கள் சேர்ந்தார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் "சிஸ்டர் இந்தக் கலர் இருக்கா" என்று மெசேஜ் வரும். நவம்பர் வரை வரவை மட்டும் கூட்டினால் மூன்றரை லட்சம். எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு பணத்தைப் பார்த்ததில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இதே சேலையை விற்கிறார்கள், ஒருத்தி ஐம்பது ரூபாய் குறைத்தால் இன்னொருத்தி எண்பது குறைக்கிறாள். நூல் விலை ஏறிவிட்டதால் முதலாளி இனிமேல் ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்கிறார், பழைய பாக்கியையும் கேட்கிறார். டிசம்பரில் ஒரு பெரிய ஆப்பிலும் போட்டுப் பார்த்தேன், பத்து போனால் நான்கு திரும்பி வந்தது. ஒரு பார்சலைப் பிரித்தால் என் சேலைக்குப் பதிலாக மஞ்சள் கறை படிந்த பழைய நைலக்ஸ் இருந்தது, புகார் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். இந்த வருஷம் மே மாசம் மாமனாருக்குக் கொரோனா. நல்லவேளை, இரும்பாலையில் போட்ட ஐநூறு படுக்கை ஆக்சிஜன் வார்டில் இடம் கிடைத்தது, பதினோரு நாள், பைசா செலவில்லை. ஆனாலும் போக வர, ஸ்கேன், மருந்து என்று கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. நம் மாவட்டத்துக்குப் பஸ்ஸே ஜூலை 5லிருந்துதான் விட்டார்கள், துணிக்கடையும் அப்போதுதான் திறந்தது, உங்களுக்கே தெரியும்.

என் கேள்வி ரெண்டு. ஒன்று, அவ்வளவு விற்றும் பணம் எங்கே போனது? வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பார்வை கேட்கிறது. நான் நகை வாங்கவில்லை, ஆன்லைன் கிளாசுக்காகப் பெண்ணுக்கு ஒரு போன் வாங்கியதுதான் பெரிய செலவு. ரெண்டு, கைவசம் நாலு சவரன் செயின் ஒன்று இருக்கிறது, அதை அடகு வைத்து முதலாளி பாக்கியைக் கொடுத்துவிட்டு மறுபடி சரக்கு எடுக்கலாமா?


செட்டுக்கடை (அம்மாபேட்டை)
2021 ஜூலை 13, இரவு 11:20

செயினைத் தொடாதே கண்ணு. மீதியை மற்றவர்கள் சொல்வார்கள்.

நான் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்தது) போடுகிறவன். போன வருஷம் கடை போட முடியாமல், தட்டுவடையை மட்டும் பாக்கெட் போட்டுப் பார்சலில் அனுப்பலாம் என்று இறங்கினேன். சென்னைக்குப் போய்ச் சேரும்போது பாதி தூளாகிவிட்டது. "அண்ணா, பொரி மாதிரி கரண்டியில சாப்பிட்டோம்" என்று போட்டோ அனுப்பினார்கள். சட்னியில்லாமல் அது செட்டே இல்லை என்பது வேறு விஷயம். மூன்று மாசத்தில் நிறுத்திவிட்டு, தெரு வியாபாரிகளுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய்க் கடனை வாங்கி வண்டிக்கே திரும்பிவிட்டேன். உனக்கு விற்கவாவது தெரிந்திருக்கிறது.


மலைக்காப்பி (ஏற்காடு)
2021 ஜூலை 14, காலை 6:35

அக்கா, உங்கள் கதையை அப்படியே மலைக்கு ஏற்றினால் என் கதை. எனக்கு நாகலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் காப்பியும் மிளகும், வீட்டோடு ஒட்டி ரெண்டு அறை வாடகைக்கு. ஏற்காட்டுக்காரனுக்கு வருஷத்துச் சம்பாத்தியம் என்பது ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான். கோடை விழா ரெண்டு வருஷமாக இல்லை. பொது முடக்கம் தளர்ந்த பிறகும் மலைக்கு வர இ-பாஸ் கேட்டார்கள், அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ரெண்டு மே போனது போனதுதான், விட்டதை ஆடியில் பிடிக்க முடியாது.

அதனால் காப்பித்தூளை நானே வறுத்து அரைத்துக் கால் கிலோ கவரில் போட்டு விற்க ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்குக் கொரியர்காரர் ஏறி வர மாட்டார், ஆகவே வாரத்தில் ரெண்டு நாள் பார்சல் மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் போட்டுவிட்டு வருவேன். பெட்ரோல் நூறைத் தொட்டுவிட்டது. ஒரு பார்சலில் எனக்கு நிற்பது நாற்பது ரூபாய் என்றால், மூட்டையில் பதினைந்து பார்சலாவது இருந்தால்தான் இறங்குவதில் அர்த்தம், எட்டு இருந்தால் நான் சேலத்துக்குச் சும்மா டீ குடிக்கப் போனதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாசம் ஆனது.

எங்கே போனது என்று கேட்டீர்களே, என் வீட்டில் அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கொட்டை என் தோட்டத்தது என்பதால் அதற்கு விலையே போடவில்லை. விற்ற காசு முழுக்க லாபம் என்று நினைத்து அறைக்கு வெள்ளையடித்தேன், கழிப்பறைக்கு டைல்ஸ் போட்டேன். டிசம்பரில் பழம் பறிக்க ஆள் கூலி கொடுக்கும் நேரம் வந்தபோது மச்சானிடம் கை நீட்டினேன். இப்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பார்சலுக்கும் கொட்டை விலையை முதலில் அதில் போட்டுவிடுவேன். வீட்டில் பால்காரர் வந்து நின்றாலும் அந்த டப்பா திறக்கப்படாது.


பேரேடு (அஸ்தம்பட்டி)
2021 ஜூலை 14, காலை 9:10

டப்பா நல்ல யோசனைதான் மலைக்காப்பி, ஆனால் ஜிபேயில் வருகிற காசு டப்பாவில் விழாதே. அதற்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும்.

தறிச்சத்தம், நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். நான்கு விஷயம் சொல்லுங்கள், நோட்டு இருக்கும் என்று நினைக்கிறேன். மேயிலிருந்து நவம்பர் வரை எத்தனை சேலை, சராசரி எவ்வளவுக்கு விற்றீர்கள், முதலாளி போட்ட விலை எவ்வளவு, அவருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி? அப்புறம் வங்கிக் கடன் ஏதாவது இருந்து, போன வருஷம் தவணையை ஒத்திவைத்தீர்களா?


தறிச்சத்தம்
2021 ஜூலை 14, மதியம் 1:15

நோட்டு இருக்கிறது சார், பெண் எழுதி வைத்திருக்கிறாள். 412 சேலை. சராசரி 850. முதலாளி விலை 640. பாக்கி 74,000. கொரியர் காசு வாங்குகிறவர்கள் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். வீடு ஓடு மாற்ற வாங்கிய வங்கிக் கடன் ஒன்று இருக்கிறது, மாசம் 4,300. போன வருஷம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாசமும் கட்டவில்லை, கட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னார்கள்.


பேரேடு
2021 ஜூலை 14, மாலை 7:40

சரி, போட்டுப் பார்ப்போம்.

412 சேலை 850 வீதம் 3,50,200. இதுதான் உங்கள் மூன்றரை லட்சம். அதில் முதலாளி பணம் 640 வீதம் 2,63,680. உங்களுக்கு நின்றது 86,520, ஏழு மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 12,360. ராத்திரி பன்னிரண்டு மணி வரை விழித்த கூலி அதுதான்.

ஆனால் வீட்டில் அந்த ஏழு மாசமும் 12,360 ரூபாய் வீடு மாதிரியா இருந்தது? இல்லை. முதலாளிக்குப் போக வேண்டியதில் 74,000 போகவில்லை. வங்கிக்குப் போக வேண்டிய ஆறு தவணை 25,800 போகவில்லை. ரெண்டும் சேர்த்து 99,800, லட்சத்துக்கு இருநூறு ரூபாய் குறைச்சல். இது உங்கள் வருமானமே இல்லை, அடுத்தவர் பணம் உங்கள் வீட்டுக்குள் கொஞ்ச நாள் இருந்தது. பணம் எங்கும் போகவில்லையம்மா, வீட்டுக்காரர் கூலி நின்ற மாசங்களில் அரிசி பருப்பாகவும் போனாகவும் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் பார்வைக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தொற்றுக் காலத்தில் ஆன்லைனில் விற்ற எத்தனையோ பேர் இப்படித்தான் ஏமாந்தார்கள். தேங்கிய சரக்கு காசானது, கட்ட வேண்டியது தள்ளிப்போனது, ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் வியாபாரம் கொழிக்கிறது என்று தோன்றியது.

தவணை ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி இல்லை. ரிசர்வ் வங்கி முதலில் மே வரைக்கும், பிறகு ஆகஸ்ட் 31 வரைக்கும் கட்டாமல் இருக்கலாம் என்றதே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பாஸ்புக்கைப் பாருங்கள், கடன் ஆறு மாசத்துக்குப் பதிலாக ஏழோ எட்டோ மாசம் நீண்டிருக்கும். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சின்னத் தொகை வரவு வந்திருக்கும், அது வட்டிக்கு வட்டியை மட்டும் மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது.

இப்போது செய்ய வேண்டியது. தவணை கட்டுவது நிஜமாகவே கஷ்டம் என்றால், இந்த 2021 மே 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி கொடுத்த ரெண்டாவது கடன் சீரமைப்பு இருக்கிறது. மார்ச் 31 வரை கணக்கு வராக்கடனாகாமல் இருந்திருந்தால், செப்டம்பர் 30க்குள் வங்கியில் எழுதிக் கேட்கலாம், முடிவு அவர்கள் கையில். இதிலும் வட்டி ஓடும், ஆகவே முடிந்தவரை கட்டுவதே மேல்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். பெங்களூருக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிமாநிலத்துக்குத் துணி விற்றால் வியாபாரம் எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், பெரிய ஆப்களில் விற்கவும் இந்த 2021இல் அப்படித்தான். பயப்பட வேண்டாம், ஆனால் பதிவு எடுக்கும்வரை தமிழ்நாட்டுக்குள் நேரடியாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். உத்யம் என்று சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இருக்கிறது, அதையும் செய்து வையுங்கள், இலவசம்தான், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த மாசம் 2ஆம் தேதிதான் சில்லறை வியாபாரத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள், வங்கியில் முன்னுரிமைக் கடன் கேட்க உதவும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. டிசம்பருக்குப் பிறகு விற்பனை படுத்துவிட்டது, பாக்கி அப்படியே நிற்கிறது. அந்த 74,000க்குள் விற்காத சேலையும் இருக்கிறதா? பீரோவைத் திறந்து எண்ணுங்கள்.


கொலுசுக்காரன் (சிவதாபுரம்)
2021 ஜூலை 14, இரவு 9:55

செயின் விஷயத்துக்கு நான் வருகிறேன் அம்மணி, என் வீட்டில் பட்டது.

நாங்கள் கொலுசுப் பட்டறை, வீட்டுக்குள்ளேயே நாலு பேர் உட்கார்ந்து செய்வோம், செவ்வாய்பேட்டை வியாபாரிகளிடம் வெள்ளி வாங்கிச் செய்து கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு வடக்கே போகும். போன வருஷம் மார்ச்சில் ரயில் நின்றதும் எல்லாம் நின்றது. அப்போது வெள்ளி கிலோ நாற்பதாயிரத்துக்குக் கீழே விழுந்தது, வாங்கிப் போடக் கையில் காசில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. நான் அப்போது வாட்ஸப்பில் ஜோடி ஜோடியாகக் கொலுசு விற்க ஆரம்பித்திருந்தேன், ஆர்டர் வந்துகொண்டிருந்தது, இன்னும் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏறின விலைக்குப் பின்னால் ஓடின கதைதான்.

அதே வாரத்தில் நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதம் என்றிருந்ததை 90 சதம் வரை கொடுக்கலாம் என்று வங்கிகளுக்குத் தளர்த்தினார்கள். தங்கம் சவரன் நாற்பத்து மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரியின் ஆறு சவரனை வைத்து ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் வாங்கி, அத்தனைக்கும் வெள்ளி எடுத்தேன். வெள்ளி இறங்கியது, எழுபத்தைந்தில் எடுத்ததை அறுபதுக்கும் கீழே உருக்கி விற்றேன். சரி, அது என் பேராசை. ஆனால் தங்கமும் இறங்கியதே! இந்த மார்ச்சில் சவரன் முப்பத்து நாலாயிரத்துக்கும் கீழே. ஆறு சவரனின் விலையைவிட அசலும் வட்டியும் அதிகமாகிவிட்டது. வங்கியிலிருந்து போன், வித்தியாசத்தைக் கட்டுங்கள் இல்லாவிட்டால் ஏலத்துக்கு நோட்டீஸ் வரும் என்று. இருபத்தைந்தாயிரம் புரட்டிக் கட்டினேன், அதற்கு யாரிடம் வாங்கினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது, இந்த 2021 ஜூலையில், மறுபடி 75 சதம்தான், தங்கமும் முப்பத்தாறாயிரம் பக்கம் நிற்கிறது, எனக்கு ஆன மாதிரி உங்களுக்கு ஆகாமல் போகலாம். ஆனால் நகை வைத்த பணத்தில் சேலை எடுத்தால், அந்தச் சேலை எத்தனை நாளில் விற்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். தெருவில் நான்கு பேர் விற்கிறார்கள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.


தறிச்சத்தம்
2021 ஜூலை 18, மாலை 5:25

நாலு நாள் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பேரேடு சார் சொன்னபடி பீரோவைத் திறந்து எண்ணினேன். 61 சேலை. நான் இருபது முப்பது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் 19 டிசம்பரில் ஆப்புக்காக ரொக்கம் கொடுத்து வாங்கியது, மீதி 42 முதலாளியுடையது, ஒன்பதில் மடிப்புக் கோடு விழுந்துவிட்டது, நாப்தலின் வாசனை வேறு. 42க்கு 640 போட்டால் 26,880. அப்படியானால் நாங்கள் நிஜமாகச் சாப்பிட்டது 74,000 இல்லை, 47,120. இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் தூங்கினேன்.

பாஸ்புக்கையும் பார்த்தோம். கடன் எட்டு மாசம் நீண்டிருக்கிறது. நவம்பரில் 228 ரூபாய் வரவு. வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார், "இதுக்கு ஒரு கிலோ மட்டன்கூட வராது" என்றார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார் சார்.

நேற்று ரெண்டு பேருமாக முதலாளி வீட்டுக்குப் போனோம். நோட்டைக் காட்டினேன். மடிப்பு விழாத 33 சேலையையும் எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 27ஐ எடுத்த விலைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார், ஆறை இந்தக் கலர் இப்போது போகாது என்று தள்ளிவிட்டார். 17,280 கழிந்தது, கையில் பத்தாயிரம் கொடுத்தோம், மீதி 46,720, மாசம் மூவாயிரம் என்று பேச்சு. அவரும் நொந்து போயிருக்கிறார், நூல்காரனிடம் அவருக்கே பாக்கி இருக்கிறதாம். கிளம்பும்போது "புது டிசைன் முப்பது பீஸ் இருக்கு, எடுத்துட்டுப் போம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். எனக்குக் கை நீண்டுவிட்டது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். எட்டு மட்டும் எடுத்தேன், ரொக்கத்துக்கு.

செயின் கழுத்தில்தான் இருக்கிறது. பெண் தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்து அந்த நம்பருக்கு க்யூஆர் வாங்கிவிட்டாள். மடிப்பு விழுந்த ஒன்பதையும் முதலாளி தள்ளிய ஆறையும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை, யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

மலைக்காப்பி அண்ணா, அரைக் கிலோ தூள் வேண்டும், சிக்கரி இல்லாமல்.


மலைக்காப்பி
2021 ஜூலை 18, இரவு 8:05

மடிப்புக் கோட்டுக்கு ஐயர்ன்காரரிடம் கேட்டுப் பாருங்கள், போகாவிட்டால் கோட்டைக் காட்டியே போட்டோ போட்டு 500க்குத் தள்ளுங்கள், மறைத்து விற்றால் ரிட்டர்ன் வரும்.

தூள் வியாழக்கிழமை இறங்குகிறது அக்கா. பணம் முதலில், பார்சலைப் பிரிக்கும்போது ஓபனிங் வீடியோ எடுப்பது கட்டாயம்.